வடசென்னையில் அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் மருத்துவமனையில் சில எச்சரிக்கைகளைச் சொல்லி அனுப்புவது வழக்கம். அறுவை நடந்த பக்கத்துக் கையால் பளு தூக்கக் கூடாது. அந்தக் கையில் ஊசி போடவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் விடக் கூடாது. வெட்டுக்காயமோ முள் குத்தோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டால் கையிலிருந்து நிணநீர் வடிய வழி குறைந்துவிடுகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கிவிடுகிறது. சின்னக் கீறலில் கிருமி புகுந்தாலும் கை முழுக்கச் சிவந்து காய்ச்சல் கண்டுவிடும். எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால், அதைக் கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பவர் வடசென்னையின் காசிமேட்டில் மீன் விற்பவராக இருந்தால் என்ன செய்வார்?

விடிவதற்கு முன் ஏலத்தில் எடுத்த மீனை ஐஸோடு கூடையில் அள்ள வேண்டும். கூடையைத் தலைக்கு ஏற்ற வேண்டும். ஷேர் ஆட்டோவிலிருந்து இறக்கி, அரிவாள்மனையில் உட்கார்ந்து, மதியம்வரை அறுத்துக்கொடுக்க வேண்டும். கெளுத்தி முள் நல்ல கையில் குத்தினாலே இரண்டு நாளைக்கு வலி தாங்காது. இறால் உரிக்கும் பெண்களின் விரல் நுனிகளில் தோல் எப்போதும் கிழிந்தே இருக்கும். மருத்துவமனை வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொன்றும் இவருடைய தொழிலில் ஒவ்வொரு வேலை. தடுத்தவற்றையெல்லாம் விட்டுவிட்டால் அவருக்குப் பிழைப்பே மிஞ்சாது.

முப்பதுகளின் நடுவில் இருக்கும் அப்படியொரு பெண்ணை அங்கே பார்த்தேன். ரவிக்கையின் இடது கையில் மட்டும் பக்கத் தையலைப் பிரித்துவிட்டு, இரண்டு ஊக்குகளால் இழுத்துப் பிடித்திருந்தார். வீங்கிய கை உள்ளே நுழையவில்லை. மீனை வலது கையால் மட்டும் திருப்பித் திருப்பிக் காட்டினார். இடது பக்கம் மாராப்பு இரண்டு மடிப்பாக இருந்தது. அதற்குள் வைத்திருப்பது வெள்ளைத் துணியில் கடுகைக் கொட்டி அவரே தைத்த பை. பஞ்சு வைத்தால் குனியும்போது மேலே ஏறிக்கொள்கிறதாம், கடுகு கனத்துக்கு அப்படியே நிற்கிறதாம். இதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டு வருஷமாகத் தானே யோசித்து, தானே செய்து, தானே சரிசெய்துகொண்டது. இதே யோசனையில் இன்னொரு பெண் நாலு தெரு தள்ளித் தவித்துக்கொண்டிருக்கலாம். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

என் வாதம் அவர்கள் இருவரையும் பற்றியது. இளம் வயதில் மார்பகப் புற்றுநோயைக் கடந்துவரும் பெண்ணுக்கு ‘மனத்திடம் வேண்டும்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் திடம் தனியாக உட்கார்ந்து வரவழைத்துக்கொள்கிற குணமல்ல. அதே வழியில் நடந்து வந்த நாலு பெண்கள் பக்கத்தில் இருந்தால் வரும். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையில் அவர்கள் சந்தித்துக்கொள்ள நிலையான ஓர் இடத்தை அமைத்துத்தருவது சிகிச்சையின் ஒரு பகுதி. அதைத் தொண்டுள்ளத்தின் தயவுக்கு விட்டுவிடக் கூடாது.

இந்தியாவில் 2022-இல் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகவும், 98 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு சொல்கிறது. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் நம் பெண்களுக்கு இந்த நோய் ஏறத்தாழ பத்து வயது முன்னதாகவே வருகிறது. அதாவது, கைக்குழந்தையோ, பள்ளிக்கூடப் பிள்ளையோ, முடியாத கடனோ இருக்கும் வயதில். இன்னும் கல்யாணமே ஆகாத வயதிலும் வருகிறது.

இளம் வயதின் முதல் சிக்கல், அது புற்றுநோயாக இருக்கும் என்று யாரும் நினைக்காதது. பால் கொடுக்கும் தாய் மார்பில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்படுகிறது என்றால், வீட்டில் உள்ள பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: “பால் கட்டிக்கிச்சு. வெந்நி ஒத்தடம் குடு, போயிடும்.” பெரும்பாலும் அது உண்மையும்கூட. அதனால்தான் ஆபத்து. இரண்டு வாரத்தில் கரையாத கட்டியை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும் என்பது ஒத்தடம் சொல்லும் பாட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும். மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1998 முதல் 20 ஆண்டுகள், ஏறத்தாழ 1.5 லட்சம் பெண்களிடம் டாடா நினைவு மையம் நடத்திய ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் கையால் பரிசோதித்ததிலேயே, 50 வயதைக் கடந்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. கருவி எதுவும் இல்லாமல் கிடைத்த பெரிய வெற்றி அது. ஆனால், 50-க்குக் கீழே அந்த அளவு பலன் தெரியவில்லை. இளம் பெண்ணின் மார்பகம் அடர்த்தியானது என்பதால் மேமோகிராமிலும் கட்டி தப்பிவிடக்கூடும். ஆகவே, முகாம் போட்டு எல்லோரையும் பரிசோதிப்பது இளையவர்களுக்குப் போதாது. சந்தேகம் வந்த பெண்ணை அன்றைக்கே கைப்பிடித்து அழைத்துப்போய் ஸ்கேன், பயாப்சி பார்க்கவைக்கும் ஒருவர் வேண்டும்.

இரண்டாவது சிக்கலைப் பற்றி நம் மருத்துவமனைகளில் பேச நேரம் இருப்பதில்லை. கீமோ மருந்து சினைப்பையைப் பாதிக்கலாம். 32 வயதில் மாதவிடாய் நின்று, உடம்பெல்லாம் அனல் அடித்து, தூக்கம் கெட்டு, ஐம்பது வயதின் தொல்லைகளெல்லாம் ஒரே மாதத்தில் வந்து சேரும். ஹார்மோனால் வளரும் வகை என்றால் ஐந்து முதல் பத்தாண்டு மாத்திரை. மாத்திரை எடுத்துக்கொள்ளும்போது கருத்தரிக்கக் கூடாது. குழந்தை வேண்டுமென்றால் சிகிச்சை தொடங்கும் முன்பே சினைமுட்டையைச் சேமித்துவைக்கும் வழி இருக்கிறது. ஆனால், இதை யாராவது நேரத்தோடு சொல்ல வேண்டும், செலவுக்குப் பணமும் வேண்டும். “புள்ள குட்டிய அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல உசுரு” என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அன்போடுதான் சொல்வார்கள். மூன்று வருஷம் கழித்து அந்த ‘அப்புறம்’ வரும்போது அவள் தனியாக நிற்பாள்.

அறுவையோடு கணவன் விலகிப்போன கதைகள் இங்கே உண்டு. கீமோ நாட்களில் சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கிய கணவன்மார்களும் அதே தெருக்களில் உண்டு. இரண்டாம் வகையினரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால், எவ்வளவு நல்ல கணவனிடமும் சில கேள்விகளைக் கேட்க முடியாது. தழும்பைக் கண்ணாடியில் பார்க்க எத்தனை நாள் ஆனது, திரும்ப முளைக்கும் முடி சுருட்டையாக வருமாமே, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்த இடம் கறுத்தது எப்போது தெளியும், மறுபடி வந்துவிடுமோ என்று ராத்திரி விழிப்பு தட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இவையெல்லாம் ‘அக்கா’ என்று தொடங்கிக் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஆலைப் புகை சூழ்ந்த எண்ணூரில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: “நான் என்ன தப்பு பண்ணேன்?” அடுத்த மூச்சில், “இந்தப் புகையாலயா?” காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இலேயே வகைப்படுத்திவிட்டது. அதற்கு ஆதாரமாக இருந்தது முதன்மையாக நுரையீரல் புற்றுநோய். ஒரு பெண்ணின் மார்பில் வந்த கட்டியை இன்ன புகைக்கூண்டின் கணக்கில் எழுத எந்த மருத்துவராலும் முடியாது. ஆனால், சாம்பல் படிந்த துணியைத் தினமும் உதறிக் காயப்போடும் பெண்ணுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. வார்டு வாரியாகப் புற்றுநோய்க் கணக்கைத் திரட்டி மக்கள் முன் வைப்பதுதான் அதற்கு அரசு சொல்லக்கூடிய நேர்மையான பதில். தனித்தனியாகக் கேட்டால் புலம்பல் என்பார்கள். நாற்பது பேர் சேர்ந்து கேட்டால் கோரிக்கை ஆகிவிடும்.

சேர்ந்து நிற்பது வடசென்னைக்குப் புதிதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படர்ந்தபோது, பக்கெட்டையும் மக்கையும் எடுத்துக்கொண்டு இறங்கியவர்கள் அந்த ஊர் மீனவர்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி எழுப்பிக்கொண்டே ஓடினார்கள். பிறகு அந்த ஊர்ப் பெண்கள்தான் நாள்கணக்கில் பந்தலில் உட்கார்ந்து போராடினார்கள். மகளிர் குழு, ஊர்ப் பஞ்சாயத்து, மாதா கோயில் அன்பியம், அம்மனுக்கு மாலை போட்டுக்கொள்ளும் கூட்டம் என்று இங்கே எல்லாவற்றுக்கும் கூட்டம் உண்டு. இந்த நோய்க்கு மட்டும் இல்லை. தங்கச்சிக்கு வரன் தட்டிப்போகும், மகளுக்கும் வருமென்பார்கள், நம் கையால் மீன் வாங்க மாட்டார்கள் என்ற பயங்கள் வாயை அடைத்துவைத்திருக்கின்றன. தொட்டால் ஒட்டாது என்று படித்தவர்களுக்குத் தெரிகிறது. மீன் விற்பவரின் கவலை வாடிக்கையாளருக்கு அது தெரியுமா என்பதுதான்.

இந்தப் பயத்தைவிடப் பெரிய பயத்தைத் தமிழ்நாட்டுப் பெண்கள் ஒருமுறை உடைத்திருக்கிறார்கள். எச்.ஐ.வி. என்ற சொல்லையே வீட்டுக்குள் உச்சரிக்க அஞ்சிய காலத்தில், நாமக்கல்லைச் சேர்ந்த பி.கௌசல்யா தன் நிலையை வெளிப்படையாகச் சொன்னார். 1998-இல் சென்னையில் அவரும் சில பெண்களும் சேர்ந்து எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார்கள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்து, மருந்து கேட்டு, சொத்துரிமை கேட்டு, அரசின் மேசைவரை போனார்கள். இன்று நாடு முழுக்கக் கூட்டுமருந்து மையங்களில், அந்த நோயோடு வாழும் ஒருவரையே ஒருங்கிணைப்பாளராகச் சம்பளத்தில் அமர்த்தும் முறை இருக்கிறது. மருத்துவரின் அறைக்கும் நோயாளியின் வீட்டுக்கும் இடையில் நிற்கும் வேலையை, அதைப் பட்டு அறிந்தவரே செய்ய வேண்டும் என்று அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. புற்றுநோய்க்கு மட்டும் அது ஏன் பொருந்தாது?

நியூயார்க்கின் ஹார்லெம், ஏழைக் கறுப்பின மக்கள் நிறைந்த பகுதி. அங்குள்ள அரசு மருத்துவமனையில் பணியாற்றிய அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஹரால்டு ஃப்ரீமன், 1986-உடன் முடிந்த 22 ஆண்டுகளின் மார்பகப் புற்றுநோய்க் கணக்கைப் பார்த்தார். ஐந்தாண்டு உயிர்பிழைத்திருந்தவர்கள் 39 சதவீதம்தான். மலிவான, இலவசமான பரிசோதனையை ஏற்படுத்தினார். 1990-இல் அதே பகுதி ஆட்களை வழிகாட்டிகளாக அமர்த்தினார். சீட்டு எழுத, அடுத்த தேதி வாங்க, பயத்தில் வராமல் போனவரைத் தேடிப்போய் அழைத்துவர. 1995-2000 காலகட்டத்தில் சிகிச்சை பெற்றவர்களிடம் அந்த விகிதம் 70 சதவீதமானது. நம் நாட்டில் டாடா நினைவு மையமும் இதற்கென்றே ஓராண்டுப் படிப்பை நடத்துகிறது. இராமனை ஆற்றைக் கடக்கவைத்த படகோட்டியின் பெயரில் ‘கேவட்’ என்று அதற்குப் பெயர்.

வடசென்னைப் பெண் கடக்க வேண்டிய ஆறும் சிறியதல்ல. ராயபுரத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அது பெரிய ஆறுதல். ஆனால், எண்ணூரிலிருந்து அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்குப் போவதென்றால், கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி, கடற்கரை நிலையத்தில் இறங்கி, பறக்கும் ரயில் மாறி, கஸ்தூரிபா நகரில் இறங்க வேண்டும். கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது. விடியல் பயணத் திட்டத்தில் சாதாரணப் பேருந்தும் இலவசம். இவை இல்லாத மாநிலங்களின் பெண்களை நினைத்தால் நாம் எவ்வளவோ தூரம் வந்திருக்கிறோம். மிச்சம் இருப்பது அன்றாடக் கூலி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், வீக்கத்தை அடக்கும் இறுக்கமான கையுறை, செயற்கை மார்பகம். இவற்றோடு பக்கத்து இருக்கையில் துணைக்கு ஒருவர்.

அடையாறு மருத்துவமனையே பெண்களின் கூட்டத்திலிருந்து பிறந்ததுதான். 1923-இல் புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முப்பதாண்டு அலைந்து அதை எழுப்பினார். 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. நிதி திரட்டியது இந்திய மாதர் சங்கம். அதன் ஆங்கிலப் பெயரின் மூன்று முதலெழுத்துகள் இன்றும் மருத்துவமனையின் பெயரோடு நிற்கின்றன. 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் வி.சாந்தா, 2021-இல் மறையும்வரை அதையே வீடாகக் கொண்டிருந்தார்.

நடிகை கௌதமி 35 வயதில் தனக்கு வந்த மார்பகப் புற்றுநோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது தமிழ்நாட்டில் பெரிய காரியம். பின்னர் அதற்கென ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். திரையில் பார்த்த முகம் ‘எனக்கும் வந்தது’ என்று சொன்னபோது எத்தனையோ வீடுகளில் வாய் திறந்திருக்கும். ஆனால் திருவொற்றியூர்ப் பெண்ணுக்கு அடுத்தபடியாக வேண்டியது, தன்னைப்போலவே வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தன்னைப்போலவே குழாயடியில் நின்றுகொண்டு, மீண்டுவந்த முகம்.

கூடிப் பேசினால் ஆயுள் நீளுமா? 1989-இல் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் ஸ்பீகல் குழுவினர், நோய் பரவிய 86 பெண்களை ஆராய்ந்து, நீளும் என்று எழுதினார்கள். உலகமே பேசியது. 2001-இல் கனடாவில் பமீலா குட்வின் 235 பெண்களிடம் அதைச் சோதித்தபோது ஆயுள் நீளவில்லை. மனவேதனை குறைந்தது, வலி குறைவாகத் தெரிந்தது. எனக்கு இந்த இரண்டாவது முடிவே போதும். வலி குறைவதற்கு மருந்து வாங்கித்தரும் அரசு, அதே வலியைக் குறைக்கும் ஒரு கூடத்தையும் தரலாம்.

ஆகவே, அந்தக் கூட்டத்தில் ‘போராடி வென்றவர்’ பட்டம் கொடுக்கும் மேடை வேண்டாம். நோய் திரும்பி வந்தவரும் அதே நாற்காலியில் உட்கார வேண்டும். அவர் சரியாகப் போராடவில்லை என்று ஆகிவிடக் கூடாது. மணலியை அடுத்த மாத்தூரில் ‘ஜீவோதயா’ காப்பகம், சிகிச்சை பலிக்காத புற்றுநோயாளிகளைப் பல்லாண்டுகளாக இலவசமாகப் பராமரித்துவருகிறது. கடைசிக் கட்டத்துக்குத் துணை இருக்கும் பகுதியில், நடுக்கட்டத்துக்குத் துணை இல்லாதிருப்பதுதான் வேதனை.

இனி அந்த வீங்கிய கைக்கு வருவோம். பளு தூக்கவே கூடாது என்ற பழைய கட்டளை இன்று அப்படியே நிற்கவில்லை. 1996-இல் கனடாவின் வான்கூவரில் டாக்டர் டான் மெக்கன்சி, மார்பகப் புற்றுநோயைக் கடந்த 24 பெண்களைப் பயிற்சி கொடுத்து நீண்ட படகொன்றில் துடுப்புப் போடவைத்தார். கை வீங்கிவிடும் என்றார்கள், வீங்கவில்லை. அந்தப் பெண்கள் கலைந்துபோகவும் மறுத்துவிட்டார்கள். இன்று உலகெங்கும் நூற்றுக்கணக்கான படகு அணிகள் இருக்கின்றன. 2009-இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ், ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களிடம் நடத்திய ஆய்வில், மேற்பார்வையோடு படிப்படியாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, தொந்தரவு முற்றுவதும் குறைந்தது. படிப்படியாக, மேற்பார்வையோடு, வீக்கத்தை அடக்கும் கையுறை போட்டுக்கொண்டு என்பவை இதில் முக்கியம். அதாவது, காசிமேட்டுப் பெண் தன் தொழிலுக்குத் திரும்ப வழி இருக்கிறது. அரைக் கூடையில் தொடங்கலாம். தடித்த ரப்பர் கையுறையோடு அறுக்கலாம். முள் குத்தினால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடலாம். இதைச் செய்துகாட்டிய ஒருவர் வேண்டும், அளவு சொல்லும் இயன்முறை மருத்துவர் ஒருவர் வேண்டும்.

கேட்பது பெரிதல்ல. ராயபுரத்தில் அரசு மருத்துவமனை வளாகத்தில் ஓர் அறை, எண்ணூரில் மாநகராட்சி நகர்ப்புற சுகாதார நிலையத்தில் இன்னொன்று. நோயைக் கடந்துவந்த உள்ளூர்ப் பெண்கள் சிலருக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும். மதிப்பூதியம் என்று ஏதோ ஒன்றைக் கையில் திணிக்கக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்களிடமிருந்து இவர்களுக்கு நேராகத் தகவல் வர வேண்டும். இயன்முறை மருத்துவரும் மனநல ஆலோசகரும் வாரம் ஒருநாள். ஒரு தையல் இயந்திரம். கடுகுப் பையைவிட நல்லதை அவர்களே தைத்துக்கொள்வார்கள். கூட்டம் நடக்கும் நேரம் அலுவலக வசதிக்கு ஏற்ப இருக்கக் கூடாது. ஏலமும் விற்பனையும் முடிந்து, பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதற்குள், பிற்பகல் இரண்டிலிருந்து நான்குவரை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். வருமானம் குறைந்த காலம் அது, ஆனால் கைக்கு ஓய்வும் நேரமும் கிடைக்கும் காலம். முதல் கூட்டத்தை வரும் தடைக்காலத்திலேயே தொடங்கிவிடலாம்.